வேட்டைச் சிலந்திகளுக்கு ஒரு பாராட்டு விழா

மனிதன் இயற்கையை வென்ற இடங்கள் உலகத்தில் பல இருக்கலாம். வென்ற பிறகும் அடிப்பதை நிறுத்தாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஷிம்லாவுக்கு மேலே, ஆப்பிள் மரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் தர்கோட் கிராமம்.

இந்தப் பெருமைக்குக் காரணமானவர் எங்கள் ஆப்பிள் வளர்ப்போர் சங்கத் தலைவர் பலக்ராம் ராண்டா. அவருடைய விஞ்ஞானம் மிகவும் எளிமையானது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம் கேட்டால் நம் தோட்டத்திலும் கேட்க வேண்டும். என்ன பூச்சி, எந்த மருந்து என்பதெல்லாம் மோட்டாரை நிறுத்திய பிறகு யோசிக்க வேண்டிய சில்லறை விவரங்கள். சங்கத்தின் இணைச் செயலாளர் என்ற முறையில் இந்தக் கொள்கையை நானே முன்மொழிந்து, வேறு யாரும் கை தூக்காததால் நானே வழிமொழிந்தும் இருக்கிறேன்.

இந்த ஜூலையில் எங்கள் மருந்து பிரமாதமாக வேலை செய்தது. வண்டு செத்தது, தேனீ செத்தது, எங்களுக்குப் பெயர் தெரியாதவை எல்லாம் செத்தன. செஞ்சிலந்தி மட்டும் சாகவில்லை. ஊசிமுனை அளவுள்ள அந்தச் சிவப்புப் புள்ளி, இலைக்கு அடியில் சாறு உறிஞ்சிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு அமோகமாக வாழ்ந்தது. இலைகள் செப்பு நிறமாகிவிட்டன. இலை கெட்டால் காய் பெருக்காது, நிறம் ஏறாது, அடுத்த வருடத்துப் பூவும் சந்தேகம்தான். எதிர்மலைக்காரர்கள் பைனாகுலர் வைத்துப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டார்கள். “உங்க ஊர்ல மட்டும் இலையுதிர்காலம் வந்துடுச்சாமே? வாழ்த்துகள்!”

இந்த ஊர் ஒற்றுமையைக் கெடுத்தது ஒரே ஒரு தோட்டம். கணவர் போன பிறகு தனியாகத் தோட்டம் பார்க்கும் கிர்ஜா பாபியுடையது. பாபி என்றால் அண்ணி, ஊருக்கே அந்த முறைதான். வசந்தத்தில் மொட்டு விரிவதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணெய் அடிப்பதோடு சரி. மூன்று வருடமாகப் பூச்சிமருந்தைத் தொடவில்லை. “பாபி வீட்டு மோட்டார் ரிப்பேர்” என்று நாங்கள் சிரிப்போம். இப்போது அவர் தோட்டம் மட்டும் வெட்கமே இல்லாமல் பச்சைப் பசேல் என்று நின்றது.

அவசரக் கூட்டம் கூட்டி பாபியை ‘விசாரணைக்கு’ அழைத்தோம்.

“பாபி, மறைக்காதீங்க. என்ன மருந்து அடிச்சீங்க?” என்றார் ராண்டா.

“ஒண்ணும் அடிக்கலை, கொழுந்தனாரே.”

“அடிக்காம எப்படிச் சாகும்?”

“சாகடிக்கறதுக்கு என் மரத்துல ஆள் இருக்கு. உங்க மரத்துலயும் இருந்துது. நீங்க முதல்ல அந்த ஆளைத்தான் அடிச்சீங்க.”

பாபி கையோடு கொண்டுவந்த ஒரு கிளையை வெள்ளைத்தாளின் மேல் தட்டி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

“சிவப்பா, சோம்பேறி மாதிரி மெதுவா ஊருது பாருங்க, அதான் செஞ்சிலந்தி. வெளுப்பா, விறுவிறுன்னு ஓடுது பாருங்க, அது வேட்டைச் சிலந்தி. இது அதைப் பிடிச்சுத் தின்னும். இலையோட கிளை வெட்டித் தரேன், ஆளாளுக்கு எடுத்துட்டுப் போய் உங்க மரத்துல கட்டுங்க. அதுங்க தானா இறங்கிக் குடித்தனம் பண்ணும். ஒரே நிபந்தனை, அப்புறம் யாரும் மோட்டாரைத் தொடக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்குலயே இதுங்க என்கிட்ட மட்டும்தான் மிச்சம். இதுவும் போச்சுன்னா எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல.”

தலைவர் அந்த நேரத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஊதி முடித்ததும் நிலைமையின் கனத்தை உணர்ந்தார்.

“சும்மா வெட்டி எடுத்துட்டுப் போறதா? விழா இல்லாம வெட்டினா அதுக்குப் பேர் சுள்ளி பொறுக்கறது. விழா வச்சு வெட்டினா, அது திட்டம்!”

ஆகவே பாபியின் தோட்டத்திலேயே வேட்டைச் சிலந்திகளுக்குப் பாராட்டு விழா எடுப்பது, தலைநகரிலிருந்து தோட்டக்கலைப் பெரிய அதிகாரி ஒருவரை அழைப்பது, வந்தவர்களுக்கெல்லாம் ஆவியில் வேகவைத்த எங்கள் ஊர் சித்து ரொட்டியை நெய் ஊற்றிப் போடுவது என்று தீர்மானமாயிற்று. எங்கள் பக்கத்தில் பொன்னாடைக்குப் பதிலாகப் போடும் கௌரவத் தொப்பியை யாருக்கு அணிவிப்பது என்பதில்தான் இழுபறி.

“சிலந்திக்குத் தொப்பி போட முடியாதே?” என்றேன்.

“அப்ப, அதோட பிரதிநிதியா எனக்குப் போடுங்க” என்றார் ராண்டா. தியாகத்துக்கு அவர் எப்போதும் தயங்கியதில்லை.

விழாவுக்கு முந்தின நாள், பாபி பேச வேண்டிய உரைக்கு ‘ஒப்புதல்’ வாங்கி வரும்படி அவரை ஷிம்லாவுக்கு அனுப்பிவிட்டு, நானும் தலைவரும் தோட்டத்தை ஆய்வு செய்தோம். அவரே கிளையைத் தட்டினார். நான் தாளைப் பிடித்தேன்.

“என்னய்யா இது, தாள் பூரா தறிகெட்டு ஓடுதுங்க!”

“ஓடறதுதான் நல்லதுன்னு பாபி சொன்னாங்க.”

“நல்ல இனம் எதுவாவது இப்படித் தலைதெறிக்க ஓடுமா? அதோ அந்தச் சிவப்பைப் பாரு. எவ்வளவு அடக்கம்! யார் வம்புக்கும் போகாம இருக்கு. நாளைக்கு அதிகாரி முன்னாடி இந்த வெள்ளை ரவுடிங்க இப்படி ஓடினா, தர்கோட்ல நிர்வாகமே இல்லைன்னு எழுதிட மாட்டாரா?”

“பாபி வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“பாவம், ஒத்தைப் பொம்பளை. நாமதான் பாத்துச் செய்யணும்.”

ஒரு வீட்டு வேலைக்கு ஊரே கூலி இல்லாமல் இறங்குவது எங்கள் பக்கத்தில் ‘புவாரா’. கட்டை வெட்ட, கூரை போட, ஆப்பிள் இறக்க எல்லாவற்றுக்கும் உண்டு. அன்று மருந்தடிக்கவும் உண்டு என்று நிரூபித்தோம். வீட்டுக்கு ஒரு மோட்டாராக வந்து இறங்கியது. அடி இலை, நுனி இலை எதையும் பாரபட்சமாக விடவில்லை. ஒரு பைசா யாரும் கேட்கவில்லை. இந்த அளவு மனிதநேயத்தை அந்தத் தோட்டம் அதுவரை கண்டிருக்காது.

மறுநாள் காலையில் பாபி பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேலி அருகே வந்ததும் மூக்கைச் சுளித்தார். உள்ளே ஓடி, ஒப்புதல் பெற்ற உரையைத் திருப்பிப் பிடித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒரு கிளையைத் தட்டினார். சிவப்பு ஊர்ந்தது. வேறெதுவும் ஓடவில்லை. அடுத்த மரம். அதற்கடுத்த மரம்.

“மூணு வருஷம்” என்றார். அப்புறம் மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதார்.

சங்கத்தின் உதவியால் நெகிழ்ந்துபோய் அழுகிறார் என்று தலைவர் எனக்கு விளக்கினார். அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னார். பேனாவில் மை இல்லை என்றேன்.

விழா இனிதே தொடங்கியது. அதிகாரி வந்தார், தலைவர் தொப்பி அணிந்தார், செத்த சிலந்திகளைச் சுமந்த கிளைகள் ரிப்பன் கட்டப்பட்டு வீடு வீடாக வழங்கப்பட்டன. ஊர்க்காரர்கள் அவற்றைக் கைக்குழந்தை போல வாங்கிக்கொண்டார்கள். மேடை ஏறிய பாபி உரையை வாசிக்கவில்லை. கையிலிருந்த கிளையைத் தாளின் மேல் தட்டி, அதை அதிகாரியிடம் நீட்டினார்.

“ஓடறது ஏதாவது தெரியுதா, சார்?”

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஒண்ணுகூட இல்லையேம்மா!”

கிளை வாங்கியவர்கள் அவரவர் கிளையைப் பார்த்தார்கள்.

“அப்படின்னா வேட்டைச் சிலந்திக்கும் ஏதோ ஒரு எதிரி இருக்கு” என்றார் அதிகாரி, அக்கறையாக. “அது ரொம்ப ஆபத்தானதாச்சே. எங்கே ஒளிஞ்சிருக்கும்?”

“அது ஒளியறதே இல்ல, சார்” என்று பாபி எங்கள் நாற்காலி வரிசைப் பக்கம் கையை நீட்டினார். “கூட்டமா வரும். கூப்பிடாமலே வரும். கூலியும் கேக்காது. அதோ, நடுவுல தொப்பி போட்டுக்கிட்டு இருக்கே, அதுதான் தாய்ப்பூச்சி.”

கூட்டம் கைதட்டியது. எங்கள் சங்கத்தின் வரலாற்றிலேயே யாரும் சொல்லிக்கொடுக்காமல் எழுந்த முதல் கைதட்டல் அதுதான். நானும் எழுந்து நின்று பலமாகத் தட்டினேன். தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்த பிறகுதான், நான் இருப்பது மேடையில் என்பது நினைவுக்கு வந்தது.