கோல்டன் ஏலும் ஒரு கை ஐஸும்

தெரியாது என்று சொல்வதற்கு வாயைத் திறந்தால் போதும். தெரியும் என்று சொல்லிவிட்டாலோ, அதைக் காப்பாற்ற உடம்பு முழுவதும் உழைக்க வேண்டியிருக்கிறது. ஜொகூர் பாருவில் ஒரு சின்ன பியர் ஆலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோதுதான் எனக்கு இந்த ஞானம் பிறந்தது.

அப்போது ஸ்கூடாயில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி மாதங்கள் ஓடிவிட்டன. "இன்னும் வீட்லதானா?" என்று யாராவது கேட்டால் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வேன் (உள்ளே பற்றி எரியும்). அந்த நேரத்தில்தான், விற்பனைக்கு ஆள் தேவை என்று அந்த ஆலையின் விளம்பரம் வந்தது. "பியர் பற்றித் தெரியுமா?" என்ற கேள்விக்கு "நிறைய" என்று பதில் போட்டேன். உண்மையில், கிறிஸ்துமஸ் அன்று அப்பாவின் கிளாஸில் இரண்டு வாய் குடித்ததுதான் என் மொத்த அனுபவம்.

ஆகவே போனைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். முதலில் நிறம், பிறகு நுரை, பிறகு வாசனை. செய்முறைக்கு அப்பா இருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆட்டுக்கறியோடு ஒரு பாட்டிலைத் திறப்பார். கிளாஸ் நிறைய ஐஸ், இடுக்கில் கொஞ்சம் பியர். அவர் தந்த ஒரே பாடம் இது: "எந்த ஊரு பியரா இருந்தாலும் ஐஸ் போட்டாதாம்மா பியரு. இல்லாட்டி அது சூப்புலா."

ஆலையின் முதலாளி பிரகாஷ் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. ஐஸ் வாளியிலிருந்து ஒரு பாட்டிலை உருவி, தண்டு வைத்த கிளாஸில் ஊற்றினார். பொன்னிறம், மேலே வெள்ளை நுரை.

"பெல்ஜியம் ஸ்டைல் பியர், பேரு கோல்டன் ஏல். பல தடவை சொதப்பி ஒருவழியா சரியா வந்திருக்கு, இருந்தும் விக்க மாட்டேங்குது. பார்க்க லைட்டா இருக்கும், ஆனா ஸ்ட்ராங். மெதுவா குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தேன். மூக்கை நுழைத்தேன். "பேரிக்காய் வாசனை பாஸ். பின்னால லேசா கிராம்பு," என்றேன். ஆச்சரியம், உண்மையிலேயே இருந்தது!

"அட, கரெக்டா சொல்றீங்களே!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாராட்டு யாரை விட்டது? வேலை கிடைத்தே விட்டது என்று தோன்றியது. ஒரு வாய் குடித்தேன். இனிப்பும் காரமுமாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அப்பா கணக்குப்படி ஜில்லென்று இல்லை. நிபுணர் தோரணையில் வாளிக்குள் கைவிட்டு, ஒரு கை ஐஸை அள்ளிக் கிளாஸில் போட்டேன்.

அந்த ஏல் சும்மாவே நுரை தள்ளுகிற ஜாதியாம். ஐஸ் விழுந்ததும் அடுப்பில் மறந்த பால்போல் பொங்கி வழிந்தது. மேசை, என் சான்றிதழ் ஃபைல், பாஸின் மடி, எதையும் அது விட்டுவைக்கவில்லை. நான் பதறிப்போய்க் குனிந்து, கிளாஸில் வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தேன். நுரை அடங்கியபோது கிளாஸில் ஐஸ் மட்டுமே மிச்சமிருந்தது.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தார் பாஸ்.

பயத்தில் நான் காலையில் பசியாறியிருக்கவில்லை. காலி வயிற்றில் ஏல் இறங்கிய சற்று நேரத்தில், நாக்கு என்னைக் கேட்காமலேயே பேசியது.

"பாஸ், எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் போன்ல படிச்சது. ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு எல்லாரும் ஐஸ் போட்டுத்தானே குடிக்கிறாங்க? போடாதீங்கன்னு யாரு போய்ச் சொல்றது? நீங்க சொல்வீங்களா?" அடுத்து அழுகையும் வந்துவிட்டது. "எனக்கு இந்த வேலை வேணும் பாஸ்."

அவர் மடியைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்குப் போன் போட்டார். அம்மா காரை ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் அப்பா. என்ன ஆனாலும் வந்தவரை உபசரிக்க வேண்டுமே என்று பாஸ் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏல் ஊற்றினார். அப்பா கிளாஸைப் பார்த்தார். மேசையைச் சுற்றித் தேடினார்.

"தம்பி, ஐஸ் இல்லையா?"

அதுவரை சிரிக்காத மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குடிச்சுப் பார்த்தவங்க எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க அங்கிள். எல்லாரும் ஐஸ் போட்டுக் கெடுத்துக்கிறாங்க, அதான் விக்கலன்னு உங்க மக சொல்லித்தான் புரிஞ்சுது. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

"வேலைக்குத்தானே தம்பி?" என்றார் அம்மா. "குடிக்க இல்லையே?"

இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கோல்டன் ஏலில் ஏன் ஐஸ் போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் விளக்குவதுதான் என் பிழைப்பு. வீட்டில் மட்டும் மரியாதை கிடையாது. நான் எதையாவது தெரிந்த மாதிரி பேச ஆரம்பித்தால், "அந்த ஐஸ் வாளிய ஒளிச்சு வைங்க," என்பார் அம்மா. அப்பாவோ, புது ஏல் வரும்போதெல்லாம் சுவை பார்க்க ஆலைக்கு வந்துவிடுகிறார். என் விளக்கத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுகிறார். பிறகு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐஸ் ஃபிளாஸ்கைத் திறக்கிறார்.