ஊர் ஏக்கத்துக்கு டிரெஸர் வைத்தியம்

மலாயாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் எங்கள் டிரெஸரைப் போல மனிதர்களை வெறுப்பேற்ற ஒருவர் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது அவர் உத்தியோகம். புதிதாக வந்தவர்களிடம் வலியப் போய்ச் சண்டை பிடிப்பது அவருக்கு உயிர்மூச்சு.

கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டுக்குள்ளிருந்து தாக்கிக்கொண்டிருந்த அவசரகாலம் அது. லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கப்பலில் வந்து இறங்கியவனுக்கு ஊர் ஞாபகம் வராமல் என்ன செய்யும்? எனக்கு முன்பு வந்த வாத்தியார் ஓடியே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். அடுத்து வந்தவன் நான், கும்பகோணத்துக்காரன்.

டிரெஸர் அன்றைக்கே கூலியாட்களை மேய்க்கும் மண்டோரிடம் சபதம் போட்டாராம்.

"இந்த வாத்தியார நான் விடமாட்டேன் மண்டோர்! பிள்ளைங்க படிக்கணும்லா. ஊர் ஏக்கம்கிறது ஒரு சீக்கு. அதுக்கு மருந்து கோவந்தான். கோவம் வந்தவன் அழ மாட்டான்."

எனக்கு முன் இந்த மருந்தைச் சாப்பிட்டவர் சின்னதுரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பையன். பங்களாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிடந்தவரை டிரெஸர் தினமும் தேடிப் போவார். துரை தன் கையால் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நோ குட், துரை" என்று வைத்துவிட்டு வருவார். துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஆளை ஒரு தடவையாவது 'குட்' சொல்ல வைக்காமல் கப்பல் ஏறுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். டிரெஸர் கடைசிவரை சொல்லவே இல்லை.

என் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். அடுப்பிலிருந்த சட்டியைத் திறந்தார்.

"வாத்தியாரே, இது ரசமா, புண்ணு கழுவுற தண்ணியா?"

"பிடிக்கலன்னா குடிக்காதீங்க!"

"சர்க்கார்ல அரிசியே அளந்துதான் குடுக்கறான். அதுல இதப் போய் ஊத்தறீங்களே, பாவம்லா அரிசி!"

சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் போனார். மறுநாள் என் கையெழுத்து. அதற்கு மறுநாள் என் மீசை. படுத்தால் அம்மா முகம் வருவதற்குப் பதிலாக, நாளைக்கு இந்த ஆளுக்கு என்ன பதில் கொடுப்பது என்ற யோசனைதான் வந்தது.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் கெரில்லாக்கள் லாரியை எரித்தார்கள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று. போய்விடுவது என்று முடிவு கட்டினேன். போலீஸ் காவலோடு சிரம்பானுக்குப் போகும் லாரியில் டிரங்குப் பெட்டியை ஏற்றினேன். பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

டிரெஸர் வந்தார். நானும் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் ஒரு மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"கப்பல்ல தலை சுத்தினா போட்டுக்குங்க. வெறும் வயித்துல போடாதீங்க. பாத்துப் போங்க, தம்பி."

அவ்வளவுதான். குத்தல் இல்லை, நக்கல் இல்லை. அவர் தோற்றுப்போய் நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வந்த மாதிரி கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"என்னய்யா மனுஷன் நீங்க? கடைசி நேரத்துல இப்படி நல்லவரா மாறிட்டா நான் எப்படிப் போறது?"

கத்திக்கொண்டே பெட்டியை இறக்கினேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.