முற்றத்தில் ஓடிய வள்ளம்

தரையில் இருந்து துடுப்புப் போடுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. காற்று இல்லை, அலை இல்லை, ஆரும் மூழ்கித் தாண்டு போவதில்லை. அந்த வகையில் வன்னியில், மாங்குளம் ஊருக்கு உள்ளே ஒரு குளக்கரையில் நான் முதல்தர ஓட்டியாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எந்த ஊரும் என்னைப் பிடித்துவைத்ததில்லை. இடது கையை ஷெல் கொண்டுபோயிருந்தது. (பெரிய கதை ஒன்றும் இல்லை. விழுந்தது, போனது.) அந்தக் குளக்கரையில் கமலம் இருந்தா. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவாவுக்கும் இடது கைதான் இல்லை.

மீன்பிடிச் சங்கத்தின் வள்ளம் ஒன்று அணைக்கட்டில் ஆளில்லாமல் கவிழ்ந்து கிடந்தது. இருவரும் சேர்ந்து கேட்டோம்.

"ஒற்றைக் கையால வள்ளம் விடுவியளோ? நீங்கள் தாண்டு போனால் நான்தான் பதில் சொல்லவேணும்" என்றார் சங்கத் தலைவர்.

விடாமல் கேட்டதில் ஒரு நிபந்தனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடுக்குளத்துப் பட்ட மரத்தைச் சுற்றி வந்தால் வள்ளம் எங்களுக்கு. இல்லாவிட்டால் நான் மறுபடியும் மூட்டை கட்டவேண்டும். கமலம் அரைக் கூலிக்கு அடுத்தவர் வயலில் களை பிடுங்கவேண்டும்.

அதுவரை வள்ளத்தைத் தொட விடமாட்டார்களாம். ஆகவே பயிற்சி கமலத்தின் முற்றத்தில். இரண்டு மரக்குற்றிகளில், அவாவின் முதுகை நான் பார்க்க, ஒருவர் பின் ஒருவராக இருந்தோம். நட்ட தடியில் கயிற்று வளையம் கட்டி, துடுப்பை அதில் மாட்டி, ஒற்றைக் கையால் இழுத்தோம். வாத்தியார் நான்தான். முல்லைத்தீவில் வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் சமைத்தவன், கடல் எனக்கு அத்துப்படி என்று சொல்லிவைத்திருந்தேன். (கடலை நான் பார்த்தது குசினி யன்னலால்.)

ஞாயிறு வந்தது. அணைக்கட்டு நிறையச் சனம். வள்ளத்தின் விளிம்பிலும் அதே கயிற்று வளையங்களைக் கட்டி, இருவரும் ஒன்றாக இழுத்தோம். வள்ளம் அழகாகத் திரும்பியது. மறுபடி இழுத்தோம். மறுபடி திரும்பியது.

"பலமா இழும், கமலம்" என்றேன்.

இழுத்தா. இப்போது வேகமாகச் சுற்றியது. இருவருக்கும் இருப்பது வலது கை. ஆகவே இரண்டு துடுப்பும் ஒரே பக்கம். முற்றத்தில் இது தெரியவேயில்லை. முற்றம் திரும்பாது.

"தம்பி, செக்கோ ஆட்டுறியள்?" என்று கரையிலிருந்து ஒரு குரல்.

"எண்ணெய் வந்தா எனக்கும் ஒரு போத்தில் தாங்கோ" என்றது இன்னொன்று.

"ஆட்டினது காணும், இறங்குங்கோ" என்றார் தலைவர்.

கமலம் இறங்கவில்லை. இருந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பினா. தன் துடுப்பின் வளையத்தை அவிழ்த்து, மறு விளிம்பில் கட்டி, பல்லால் இறுக்கினா. அதுவரை பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது முகம் தெரிந்தது.

"நீங்க இழுங்க. நான் தள்ளுறேன்."

"அப்ப வள்ளம் ரெண்டு பக்கமும் போகாதோ?"

"வாய மூடிக்கிட்டு இழுங்க."

இழுத்தேன். தள்ளினா. வள்ளம் நேரே போனது. கரையில் சத்தம் நின்றது. எனக்குப் போகும் திசை தெரியாது, முதுகுப் பக்கமாகப் போகிறேன். அவாதான் பார்த்துச் சொன்னா: "உங்க கை மெதுவா. என் கை போதும்."

பட்ட மரம் வந்ததை என் பிடரிதான் முதலில் அறிந்தது.

"சொல்லக்கூடாதோ?" என்றேன், தடவிக்கொண்டு.

"குனிங்கன்னு ரெண்டு தரம் சொன்னேன். நீங்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

சுற்றித் திரும்பினோம். செக்கு ஆட்டச் சொன்னவர்களே கை தட்டினார்கள். தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தைப் பிடித்தார்.

"வலை இருக்கோ, நான் தரட்டோ?" என்றார்.

அந்த வருசமே கலியாணமும் முடிந்தது. பிறகு நான் மூட்டை கட்டவில்லை.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சோடு பேச்சாக, வீட்டில் ஆர் முடிவெடுக்கிறது என்று கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மகள் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா பார்ப்பா. அப்பா இழுப்பார்."