எனக்காகச் சண்டை போடும் இரண்டு கம்பெனிகள்

டார்வேல், மினசோட்டா
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள மருமகன் ப்ரென்ட்டுக்கு,

உன் மாமா ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை மார்லிஸும் இருக்கிற குளிருக்கு ஏற்ற நலத்தோடு இருக்கிறோம். டல்லாஸில் நீங்கள் கோட்டு போடாமலே வெளியே போய்வருகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். அந்தச் சுகம் உங்களுக்கு நீடிக்கட்டும். உன்னைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமே இல்லை. யாரையும் தொந்தரவு செய்து எனக்குப் பழக்கமும் இல்லை. ஆனாலும் வேறு வழி தெரியாமல் கேட்கிறேன்: வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குள் உன் கம்பெனி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

எந்த ஒப்பந்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த மேஜையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பதே நீதான். எங்கள் பதினோராம் சேனல் உன் கம்பெனியுடையது. அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது நார்த்லூன் கேபிள். பழைய ஒப்பந்தம் முடிந்துபோய், நீங்கள் கூடுதலாகக் காசு கேட்டு, அவர்கள் முடியாது என்று சொல்லி, போன சனிக்கிழமை மார்லிஸ் வானிலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வானிலைக்காரர் "நாளைக்கு" என்று கையை நீட்டியவர் நீட்டியபடி மறைந்துபோனார். அவர் இருந்த இடத்தில் ஒரு நீலப் பலகை வந்து நின்றது. "பதினோராம் சேனலின் பேராசையிலிருந்து உங்களைக் காப்பாற்ற நாங்கள் போராடுகிறோம்" என்று கேபிள்காரன் அதில் எழுதியிருக்கிறான். அதற்கு முந்தின வாரம் முழுக்க உங்கள் சேனலில், திரைக்கு அடியில் ஓடிய எழுத்து, "நார்த்லூன் கேபிளின் பேராசையிலிருந்து உங்களைக் காப்பாற்ற நாங்கள் போராடுகிறோம்" என்றது. இந்த வயதில் எனக்காக இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். வாலிபத்தில் ஒருத்திகூடப் போட்டதில்லை. மார்லிஸே என்னைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் என்னிடம் பனி வாரும் வண்டி இருந்ததுதான்.

வியாழக்கிழமை என்ன விசேஷம் என்று கேட்பாய். என் மகள் ஜோலீன் பயிற்சியாளராக இருக்கிற டார்வேல் பள்ளிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி, செயின்ட் பாலில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போகிறது. இந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து நடக்காத காரியம். பெட்ரோல் பங்க்கில் வாழ்த்துப் பலகை, வங்கியில் பலகை, சவ அடக்கம் செய்து கொடுக்கிறவர் கடையில்கூட "பெண்களே, விடாதீர்கள்" என்று பலகை. ஊரே பஸ் ஏறிப் போகிறது. போக முடியாதவள் உன் அத்தை. ஜனவரியில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். டாக்டர் நட, நட என்கிறார். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே சமையலறையில் ஒரு தடவை விழுந்தாள், அதோடு சரி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை, அங்கிருந்து திரும்ப நாற்காலி வரை. அதற்கு மேல் ஓரடி வைக்கமாட்டாள். பயம் என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள், இப்போது வேண்டாம், பரவாயில்லை என்பாள். ஜோலீன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விடியுமுன் எழுந்து ஐஸ் தளத்துக்கு வண்டி ஓட்டிப் போய், அந்தக் குளிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இவள்தான். கிளம்புமுன் ஜோலீன் வந்து, நீ வராமல் எப்படியம்மா என்று கண் கலங்கினாள். "நேர்ல வந்தா உன் முதுகுதான் தெரியும். டிவில மூஞ்சியக் கிட்டக் காட்டுவான், நான் நல்லாப் பாத்துக்குவேன்" என்று இவள் தைரியம் சொல்லி அனுப்பினாள். நானும் என் டிக்கெட்டைப் பள்ளி வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் தங்கிவிட்டேன். அந்தப் போட்டி பதினோராம் சேனலைத் தவிர வேறெதிலும் வராது.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே. உங்கள் ஓடும் எழுத்து கேபிள்காரனைக் கூப்பிட்டுத் திட்டச் சொன்னது, சரி என்று உட்கார்ந்து திட்ட வேண்டியதை எழுதினேன். மார்லிஸிடம் படித்துக் காட்டினேன். அவள் "முட்டாள்கள்" என்ற சொல்லை அடித்துவிட்டு "இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்" என்று போட்டுக் கொடுத்தாள். போனை எடுத்தது ஒரு சின்னப் பெண். காலையிலிருந்து எல்லாரும் தன்னைத் திட்டுகிறார்கள் என்றாள், குரல் கம்மியிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. தேனும் எலுமிச்சையும் வெந்நீரில் விட்டுக் குடிக்கச் சொன்னேன். அவள் அம்மாவுக்குச் சொந்த ஊர் நம் பக்கம்தானாம். இணைப்பையே துண்டித்துவிடுவேன் என்று மிரட்டப் போனவன், பேச்சு முடியும்போது நாற்பது சேனல் கூடுதலாக இருக்கிற பெரிய தொகுப்பை வாங்கியிருந்தேன். அதில் ஒன்றில் நாள் முழுக்கக் குதிரைகள் மேய்கின்றன. பதினோராம் சேனல் அதிலும் இல்லை.

நீலப் பலகை உங்கள் சேனலைக் கூப்பிடச் சொன்னது, ஒரு பக்கம் மட்டும் பேசினால் நியாயமில்லையே என்று அங்கேயும் கூப்பிட்டேன். நீங்கள் ஆள் குறைத்ததில் போன் எடுக்கிற பெண் போய்விட்டாளாம், எடுத்தது அந்த வானிலைக்காரர். நடுவில் மறைந்துபோனீர்களே, சுகம்தானே என்று விசாரித்தேன். "நான் இங்கதான் சார் இருக்கேன், தினமும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார், கொஞ்சம் வருத்தமாக. வியாழக்கிழமை எப்படி என்று கேட்டேன். பனி கொட்டும் என்றார். ஒப்பந்தம் எப்போது என்று கேட்டேன். அதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். உன்னையும்தான் கூப்பிட்டேன். உங்களுக்காகத்தான் மாமா இவ்வளவும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றார்கள்; உன் கேபிள் கம்பெனி எது என்று அது கேட்டது, உண்மையைச் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டது. டிஷ் வைக்கலாம் என்றால் டிஷ் கம்பெனியோடும் உங்களுக்குப் போன இலையுதிர் காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லையாம். கடைசியில் கூரை ஏறி ஆன்டெனா கட்டினேன். ஆனால் சுரங்கத்து மண்மேடு நம் ஊருக்கும் உங்கள் கோபுரத்துக்கும் நடுவில் மலை மாதிரி நிற்கிறதே. கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசுகிற ஒரு சமையல்காரர் மட்டும் வந்தார். வந்தவரை உடனே நிறுத்தக் கூடாது என்று மார்லிஸ் அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நேற்று சொல்கிறாள், "பரவாயில்ல ஆர்வில், ரேடியோல கேட்டுக்கலாம்." கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பரவாயில்லை சொல்லிக் கேட்டவன் நான், இந்தப் பரவாயில்லை எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதனால்தான் கேட்கிறேன், ப்ரென்ட். கேட்ட காசில் கொஞ்சம் விட்டுக்கொடு. அல்லது அவர்களை விட்டுக்கொடுக்க வை. யார் ஜெயித்தாலும் எங்கள் பில் ஏறத்தான் போகிறது, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் படம் வந்தால் போதும்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும், எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு அதைவிட நல்ல புத்தியும் கொடுக்கட்டும். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமா
ஆர்வில் நிஸ்டுவன்

பின்குறிப்பு. வியாழக்கிழமை மாலை. பனியில் கூரியர் ஆபீஸ் திறக்கவில்லை, அதனால் கடிதம் என் வண்டியிலேயே கிடந்தது. கிடந்ததும் நல்லதுதான். இப்போது போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன்.

நேற்று பக்கத்து வீட்டு எல்டன் வந்திருந்தான். வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் காப்பி குடித்தான். கிளம்புகிறேன் என்று எழுந்து, நம் ஊர் வழக்கப்படி கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான். பூட்ஸ் மாட்டி, தொப்பி போட்டு, கைப்பிடியில் கை வைத்த பிறகு சொல்கிறான்: "ஏரியில என் மீன் கொட்டகையில பதினோராம் சேனல் பளிச்சுனு வருது. ஒரு கம்பிதான் கட்டியிருக்கேன்." டல்லாஸ் போய் நீ மறந்திருப்பாய், ஏரி உறைந்ததும் அதன் மேல் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தி, ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்போமே, அந்தக் கொட்டகை. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரியில் மறைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் கட்டிப் புரண்டு சண்டை போடுகிற சேனல் அங்கே வானத்திலிருந்து இலவசமாக விழுந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தினமும் வந்தவன், ஏண்டா முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க வீட்ல வராதப்ப எனக்கு வருதுன்னு சொன்னா, பெருமையடிக்கிற மாதிரி ஆயிடுமேன்னு பாத்தேன்" என்றான்.

இன்னைக்குக் காலையில, விறகு இழுக்கிற சறுக்கு வண்டியில உன் அத்தைய ரெண்டு கம்பளி சுத்தி உக்கார வச்சு, பனியில ஓடுற ஸ்னோமொபைல்ல கட்டி இழுத்துட்டுப் போனேன். டாக்டர்கிட்ட கேக்கல, கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவார். ஊர்ல பஸ் ஏற முடியாத அத்தனை பேரும் அங்க இருந்தாங்க. நாலு பேர் உக்கார்ற கொட்டகையில பதினாலு பேர், ஆளுக்கொரு பாத்திரத்துல கறி கேசரோல். ஆட்டம் சமமா இருக்கு, கடைசி நிமிஷம். ரெஃபரி நம்ம பொண்ணு ஒருத்தியத் தப்பே இல்லாம வெளிய உக்கார வச்சான். திரை முழுக்க ஜோலீன் முகம், கண்ணு நிறைஞ்சு நிக்குது. உன் அத்தை எழுந்து நின்னுட்டா. வாக்கர் வெளிய சறுக்கு வண்டியில கிடக்கு. "டேய், அவ எங்கடா தள்ளுனா? உனக்குக் கண்ணு எதுக்குடா வச்சிருக்கு?" அப்படின்னு கத்தினா. "முட்டாள்கள்"ங்கற சொல்லை அடிச்சுவிட்டவ. எல்டன் தொப்பியக் கழட்டிட்டான். அடுத்து நம்ம பொண்ணுங்க ஒரு ஆள் குறைவா இருந்துக்கிட்டே கோல் போட்டாங்க, ஜெயிச்சாச்சு. இவ மீன் துளையத் தாண்டி நடந்து வந்து என்னக் கட்டிக்கிட்டா. தான் நடந்ததே அவளுக்குத் தெரியல. நானும் சொல்லல, சொன்னா பயந்துருவா. நான் அழுதேன், ஜெயிச்சதுக்குன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.

நாளைக்கு அரையிறுதி. அதுவும் ஜெயித்தால் சனிக்கிழமை இறுதி. படம் வீட்டிலேயே வந்தால் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டாள், எனக்குத் தெரியும். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் தள்ளிவிடு. சனிக்கிழமை ராத்திரி வரை கையெழுத்துப் போடாதே. அவர்கள் ஒத்துக்கொண்டால் இன்னும் கூடக் கேள், அவர்களால் கொடுக்கவே முடியாதபடி கேள். உன் அத்தைக்கு இது தெரிய வேண்டாம். அவள் இப்போது வாசலில் நின்றுகொண்டு, நாளைக்குச் சரியாக இருக்குமா என்று பழைய பூட்ஸைப் போட்டுப் பார்க்கிறாள்.