பால் புட்டியும் பாய்லரும்

பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. அடுத்தவன் நெற்றியில் வியர்வையைக் கண்டு நடுங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருந்தார்.

ரயில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் உத்தியோகம் அவருக்கு. அதனால் தெருவே அவரை 'பாய்லர்' என்றுதான் கூப்பிட்டது. மாதா கோயிலில் நற்கருணை அப்பம் கொடுக்கும்போது பங்குச் சாமியாருக்கே அவருடைய ஞானஸ்நானப் பெயர் மறந்துபோய், பாய்லர் என்றே அழைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அவர் உடம்பில் வழிகிற வியர்வையைப் பிடித்து ஊற்றினால் ஒரு இஞ்சின் அரக்கோணம் வரை போய்த் திரும்பும். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மற்றவர்களுக்கு வியர்த்தால்தான் பிரச்சினை. பாய்லரில் வெளியே தண்ணீர் கசிந்தால் உள்ளே எங்கேயோ ஓட்டை என்று அர்த்தமாம். மனிதனுக்கும் அதே சட்டம்தான் என்பது அவர் கட்சி.

கூடையோடு வரும் மீன்காரம்மாவை வழிமறித்து உட்கார வைத்து விசிறுவார். அதற்குள் பூனைகள் கூடையை ஒரு கை பார்த்துவிடும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. பாய்லர் விறுவிறுவென்று பீடம் வரை போய், சாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் கோட்டைக் கழற்றிவிட்டார். உள்ளே சட்டைக்கு முதுகே இல்லை. பெண்வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லி வெகுநாள் சிரித்தார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்த கொஞ்ச நாளிலேயே என் மனைவி செல்வமணி டைபாய்டில் படுத்துவிட்டாள். தாய்ப்பால் கூடாது, புட்டிப் பால்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடல்காற்று குழந்தைக்கு ஆகாது என்று பயந்து, கம்பளிக் குல்லா மாட்டி, ஃபிளானல் துணியில் சுற்றி, அடுப்பங்கரையில் உட்கார்ந்து மடியில் அணைத்துக்கொண்டு நான்தான் பால் கொடுப்பேன். புட்டி பாதி காலியாவதற்குள் அவள் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். குல்லாவைப் பிழியலாம்.

ஒருநாள் பாய்லர் அதைப் பார்த்துவிட்டார். கரி படிந்த முகம்கூட வெளுக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். குனிந்து குழந்தையின் மார்பில் காது வைத்துக் கேட்டார்.

"இன்னா நைனா இது, பால் குடிக்கிறதுக்கு இப்டி வேர்க்குது?"

குழந்தைக்குச் சூடு என்றாள் எதிர்வீட்டுக்காரி. கண்பட்டிருக்கிறது என்றாள் இன்னொருத்தி. பாய்லர் இரண்டையும் ஏற்கவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எங்களிடம் இருந்த இன்னொரு புட்டியில் பாலை ஊற்றிக்கொண்டு, தலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு, என் அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மலை மாதிரி ஆள், மீசைக்குக் கீழே புட்டியின் ரப்பர் காம்பைச் செருகிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தார். கன்னம் குழிந்தது, கண் பிதுங்கியது, வியர்வை ஆறாக ஓடியது. பால் மட்டும் அப்படியே இருந்தது. வாசலில் கூடிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாயில் கிடந்த செல்வமணி பல நாளைக்கப்புறம் சிரித்தாள்.

ரப்பரின் துவாரம் சின்னது, அதுதான் குழந்தையை இந்தப் பாடு படுத்துகிறது என்று தீர்ப்புச் சொன்னார். நான் தடுப்பதற்குள் ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் துவாரத்தைப் பெரிதாக்கிவிட்டார். அடுத்த வேளை புட்டியைக் கவிழ்த்ததும் பால் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டியது. குழந்தைக்குப் புரையேறி, மூக்கு வழியாகப் பால் வந்து, முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. தூக்கி முதுகைத் தட்டினேன். ஒருவழியாக அழுதாள்.

பாய்லர் சட்டைகூடப் போடாமல் ஓடிப்போய் ரிக்‌ஷா கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் இழுக்கிறவன் முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தும் அன்று அவர் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

டாக்டரம்மா குழந்தையை நிதானமாகப் பார்த்தார். குடிக்கும்போது மூச்சு வாங்குகிறதா, உதடு நீலமாகிறதா, பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடுகிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். புரையேறியதாலும் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். பிறகு குல்லாவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பால் குடிக்கிறதுதான் இந்த வயசுக்கு இருக்கிற பெரிய வேலை. கம்பளியச் சுத்தி, அடுப்புப் பக்கத்துல வச்சு வேலை வாங்கினா யாருக்குத்தான் வேர்க்காது?"

குல்லாவை எடுத்துவிடுங்கள், காற்றாட வைத்துக் கொடுங்கள், புது ரப்பர் மாட்டுங்கள் என்றார். தாம் முன்பு கேட்ட அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், அது இருதயத்தில் கோளாறாக இருக்கலாம் என்றும் சொன்னார். பாய்லர் அவரை இன்னொரு தரம் முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது, ரிக்‌ஷா பனைமரத் தொட்டிப் பகுதியைத் தாண்டியதும் பாய்லர் பேச ஆரம்பித்தார்.

"நம்மளுக்கும் ஒண்ணு பொறந்துச்சி நைனா. அதுக்கும் பால் குடிக்கசொல்லோ இப்டிதான் வேர்க்கும், உதடு நீலமாதான் இருந்திச்சி. யாருக்கும் இன்னான்னு தெர்ல, பூட்ச்சி."

அதுவரை அவரைப் பிரம்மச்சாரி என்றே நினைத்திருந்தேன். குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். வீடு வரும்வரை அவர்தான் வைத்திருந்தார்.

அதன்பிறகு செல்வமணி எழுந்து நடமாடும் வரை சாயங்காலப் பால் பாய்லர் பொறுப்பு. இஞ்சின் ஷெட்டிலிருந்து வந்ததும் கரி போகச் சோப்புப் போட்டுக் குளிப்பார். ஈஸ்டருக்குக்கூட அந்தக் கைகள் அவ்வளவு வெளுத்து நான் பார்த்ததில்லை. காற்று வரும் வாசல் பக்கம் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். அப்போதும் அவளுக்கு மூக்கின் மேல் லேசாக வியர்க்கும். ஒருநாள் துடைக்கலாம் என்று நான் துண்டை நீட்டினேன். அவர் என் கையை மெல்ல ஒதுக்கினார்.

"வேல செஞ்சிகினு கீது. நீ சும்மா இரு."