சிஸ்டம் ஃபைல் தேடு படலம்

திருவொற்றியூர் துணைச் சான்றிதழ் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு, அதாவது பத்து மணிக்கு வர வேண்டிய எல்லோரும் வந்து சேர்ந்தபின், லேப்டாப் மட்டும் எழுந்திருக்கவில்லை.

கண்காணிப்பாளர் வெள்ளத்துரை பொத்தானை அமுக்கினார். நீலத் திரை வந்தது. சிஸ்டம் ஃபைல்கள் காணவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே ஒரு நீளமான எண்.

வெள்ளத்துரைக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ஃபைல் காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு ரெக்கார்டு ரூம் பாரியைக் கூப்பிட்டார்.

"இந்த நம்பர் ஃபைல் எங்கேய்யா?"

பாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, நடுவுல இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கீது?"

"மேலிடத்து ஃபைல். அப்படித்தான் இருக்கும்."

"நான் இத்த பார்த்ததே இல்ல சார்."

"பார்க்காத ஃபைல்தான்யா காணாமப் போகும். போய்த் தேடு."

இதையெல்லாம் கவுன்டரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் ரோஸ்மேரி. ஏழு மாதம் கிரேன் ஓட்டப் பயிற்சி எடுத்தவள், அந்த வகுப்பிலேயே ஒரே பெண். காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை இருப்பிடச் சான்றோடு போய் நிற்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

"சார், எல்லாம் ஓகே ஆயிடுச்சு. ஒரே ஒரு பிரிண்டுதான்."

"லேப்டாப்புக்கே ஃபைல் இல்லை. உனக்கு எப்படிம்மா கொடுக்கிறது?"

ரோஸ்மேரி ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் போய், லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஹீமுன்னிசாவை அழைத்து வந்தாள். ரஹீமுன்னிசா கவுன்டருக்கு வெளியே நின்றபடியே திரையைப் படித்தாள்.

"பெரிய விஷயமில்ல சார். பென் டிரைவ்ல இருந்து ஸ்டார்ட் பண்ணி, காணாமப் போன ஃபைலைத் திரும்பப் போட்டா பத்து நிமிஷத்துல ஓடும்."

"அந்த ஃபைல் எங்கே இருக்கு?"

"என் பென் டிரைவ்லதான் சார் கீது."

வெள்ளத்துரையின் முகம் மாறியது. "எங்க ஆபீஸ் ஃபைல் உங்கிட்ட எப்படிம்மா வந்தது?"

ரஹீமுன்னிசா பதில் சொல்ல வாயெடுத்தாள். நல்லவேளை, அதற்குள் ரோஸ்மேரி அவளை வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பாரிக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. காவல் நிலையத்துக்குப் புகார் போனது. ஏட்டு அனுதாபத்தோடு விசாரித்தார்.

"ஃபைல் என்ன நிறம்?"

"தெரியாது."

"கடைசியா யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்த்ததில்லை."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"ராயபுரத்துல ஒரு அம்மாகிட்ட இருக்கு. ஆனா அவங்க தர்றேன்னு சொல்றாங்க."

"தர்றேன்னு சொல்றவங்களை எப்படி சார் பிடிக்கிறது?" என்று வருத்தப்பட்ட ஏட்டு, இரண்டு நாள் தேடிவிட்டு 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று சான்று தருவதாக முன்கூட்டியே உறுதியளித்தார்.

இதற்கிடையில் பாரி உண்மையாகவே தேட ஆரம்பித்திருந்தார். அந்த அலுவலகத்தில் இதற்கு முன் நடக்காத காரியம் அது. வருடக்கணக்காகத் திறக்காத அலமாரிகளைத் திறந்தார். கேட்ட ஃபைல் அகப்படவில்லை. மற்றதெல்லாம் அகப்பட்டது. மணலி தெருவிளக்கு மனு. எண்ணூர் வடிகால் மனு. ஐஸ் கம்பெனி சாலமன் பெயரை ரேஷன் பதிவில் 'சாலையோரம்' என்று எழுதிவிட்டதைத் திருத்தக் கோரும் மனு.

"பதினோரு வருஷமா நான் சாலையோரம் சார்!" என்று சாலமன் பாரியைக் கட்டிப்பிடித்து அழுதார். கூடவே ஒரு பொட்டலம் பஜ்ஜியும் கொடுத்தார்.

செய்தி பரவியது. வியாழக்கிழமை காலை வரிசை வாசலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் நின்றது. பாரி உள்ளேயிருந்து ஒவ்வொரு பெயராகக் கத்த, வெளியே விசில் பறந்தது.

மதியம் காவல் நிலையச் சான்று வந்தது. தொலைந்த ஃபைலுக்குப் பதில் நகல் ஃபைல் வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. நகல் இருப்பதோ ராயபுரத்தில். ரஹீமுன்னிசாவுக்கு முறைப்படி அழைப்பு போனது.

அவள் பென் டிரைவோடு வந்தபோது கூட்டம் வழியை மறித்தது.

"யம்மா, சரி பண்ணிடாத! லேப்டாப்பு ஓடிச்சின்னா தேடறத நிறுத்திடுவானுங்கோ!"

"நாளைக்கு என் வேலை போய்டும்ப்பா!" என்று ரோஸ்மேரி குறுக்கே பாய்ந்தாள். "ஏழு மாசம் அந்தரத்துல குந்திகினு கத்துகினேன். வழி வுடுங்க!"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே விலகியது. பத்து நிமிட வேலையை அரைமணி நேரம் இழுக்க வேண்டும், அதுவரை பாரி தேட வேண்டும் என்பது ஒப்பந்தம். அரைமணி கழித்து நீலத் திரை மறைந்தது. சான்றிதழ் சூடாக வெளியே வந்தது. ரோஸ்மேரி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். படிக்க முடியாதபடி கண் கலங்கியிருந்தது.

"காணாமப் போன ஃபைல் கிடைச்சாச்சு. தேடுதல் முடிந்தது" என்று வெள்ளத்துரை அறிவித்தார்.

பாரி தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார். "இன்னும் மூணு அலமாரி பாக்கி கீது சார். அப்புறம்... இந்த அட்டை கெடச்சுது. உங்க பேர் போட்டிருக்கு. உள்ள ஒரு மனு கீது."

வெள்ளத்துரை வாங்கிப் பார்த்தார். தூத்துக்குடிக்கு இடமாற்றம் கேட்டு ஆறு வருடத்துக்கு முன் அவரே எழுதி, அவரே பரிந்துரைத்து, மேலே அனுப்பச் சொன்ன மனு. பதில் வராததற்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் மேலிடத்தைத் திட்டித் தீர்த்திருந்தார். மனு ரெக்கார்டு ரூமைத் தாண்டவேயில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இந்த லேப்டாப் மறுபடி பழையபடி ஆகணும்னா என்ன செய்யணும்?"

ரஹீமுன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி பண்றதுக்கு வாயால சொன்னா போதும் சார். கெடுக்கறதுக்கு எழுத்துல ஆர்டர் வேணும்."

சான்றிதழை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்த ரோஸ்மேரி, அவள் காதருகில் குனிந்தாள்.

"மூணே நாளைக்குக் கெடுத்து வுடுக்கா. எங்க தெரு தண்ணிக் குழாய் மனுவும் அந்த அலமாரிலதான் கீது."

வெள்ளத்துரை வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, பிழையில்லாத தமிழில் எழுதினார்: 'பொதுமக்கள் நலனையும் நிர்வாக நலனையும் ஒருசேரக் கருதி, மேற்படி மடிக்கணினியை அடுத்த மூன்று வேலை நாட்களுக்குப் பழுதுபடுத்தி வைக்க இதன்மூலம் ஆணையிடப்படுகிறது.'