இல்லீன்னா எழுதிய ஃபங்ஷன்

கொல்லிமலையில் மட்டுமல்ல, இந்தத் தமிழ்நாட்டிலேயே, நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பதைக்கூட ருசுவில்லாமல் ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் இல்லீன்னாதான். பெயரைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரியோ என்று மயங்க வேண்டாம். திண்ணனூர் நாட்டில் மிளகுக் கொடிக்கும் பலாமரத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா வைத்த லட்சணமான பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆனால் யார் எதைச் சொன்னாலும் "இல்லீன்னா?" என்று திருப்பிக் கேட்டுக் கேட்டு, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள், மறுநாள் காலை மலையடிவாரத்துக் காரவள்ளியில் என்னோடு பஸ் ஏற நின்றாள். கண்டக்டரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இந்த பஸ்ஸு செம்மேடு போவுங்களா?"

"போவும் கண்ணு, ஏறு."

"இல்லீன்னா?"

கண்டக்டர் பொறுமைசாலி. "இல்லீன்னா நானும் உங்கூட ரோட்டுல நிப்பேன் சாமி" என்றார். இவள் அதை நிதானமாக யோசித்து, பதில் திருப்தியாக இருந்ததால் ஏறினாள். அதுவரை பின்னால் நின்ற நாங்கள் எல்லோரும் அவளுடைய யோசனை முடியக் காத்திருந்தோம்.

நான் அவளைச் சந்தித்த கதையைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் செம்மேட்டில் ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தது. மலைக்காரர்களுக்கான வகுப்புதான். இடம் மிச்சமிருந்ததால் அடிவாரத்தில் மரவள்ளிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண்ணான என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, துருப்பிடித்த டிகிரியோடு பஸ் ஏறினேன். ஊரே படிக்க மலையிறங்கிப் போகும்போது, படிக்க மலையேறிப் போனவள் நான்.

முதல் பாடமே ஃபங்ஷன் எழுதுவது. அதை என் வீட்டுக்காரர் பெருமையாக வெளியே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டம்மா என்னை மடக்கினார். "ஏம்புள்ள, தெனமும் ஃபங்ஷனு ஃபங்ஷனுன்னு மலையேர்றியே, அப்படி யாரூட்டு ஃபங்ஷனு? ஒரு நல்ல சேலைகூடக் கட்டாமப் போறே?" என்றார். சீரா, காதுகுத்தா என்று அவர் விசாரித்தபோது, ஒன்றைக் கொடுத்தால் அதற்கு விடை கொடுக்கும் ஒரு துண்டு புரோகிராம் என்று விளக்கிப் பார்த்தேன். சாப்பாடு போடாத ஃபங்ஷன் என்ன ஃபங்ஷன் என்று போய்விட்டார்.

எங்களுக்குப் பாடமெடுத்த சுகந்தி மேடம் சேலத்துப் பெண். என்னைவிடச் சின்னவர். ரொம்பத் தெளிவாகச் சொல்வார். "ஃபங்ஷன்ங்கறது மாவு மில்லு மாதிரி. ராகியைப் போட்டா ராகி மாவு வரும். கோதுமையைப் போட்டா கோதுமை மாவு. உள்ள என்ன நடக்குதுன்னு நீங்க கவலைப்பட வேண்டாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது.

"மேடம், எனக்கு முன்னாடி வந்தவங்க மொளகாய் அரைச்சிருந்தா?"

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "அதை நான் அடுத்த மாசம் நடத்தலாம்னு இருந்தேன்" என்றார். முன்னால் ஓடியதன் மிச்சம் உள்ளே தங்கி, பின்னால் வரும் விடையைக் கெடுப்பது என்பது புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய தலைவலியாம். மில்லில் ராகித் தூக்கோடு நின்று, "முன்னாடி என்னங்க அரைச்சீங்க?" என்று கேட்காத பெண் எங்கள் பக்கம் யாருமில்லை. இருந்தும் அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றியது இல்லீன்னாவுக்கு மட்டும்தான்.

அடுத்த பாடம், வயதைக் கொடுத்தால் ஓட்டுப் போடலாமா கூடாதா என்று சொல்லும் ஃபங்ஷன். நாங்கள் எழுதினோம். இருபது கொடுத்தோம், போடலாம் என்றது. பத்து கொடுத்தோம், கூடாது என்றது. கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். இவள் மட்டும் போகவில்லை. சரியாகப் பதினெட்டு கொடுத்தாள். சைபர் கொடுத்தாள். ஒன்றுமே கொடுக்காமல் பட்டனைத் தட்டினாள். கடைசியாக, வயது கேட்ட கட்டத்தில் "அந்தப் பெரிய மழை வந்த வருசம் பொறந்தனுங்க" என்று எழுதினாள். ஃபங்ஷன் மல்லாக்க விழுந்தது.

"யாரும்மா வயசைக் கேட்டா இப்படி எழுதுவாங்க?" என்றார் மேடம்.

"எங்க அப்புச்சிங்க, அம்மாவைப் பெத்தவரு. ஓட்டுப் போடறதுல மொத ஆளுங்க அவரு."

என் கதை அதைவிட மோசம். நான் எழுதிய ஃபங்ஷன் விடையைத் திரையில் பெரிதாகக் காட்டும். ஆனால் அந்த விடையை வாங்கி அடுத்த வேலைக்குக் கொண்டுபோனால் வெறும் கைதான் மிஞ்சும். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இல்லீன்னா வந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, உங்க ஃபங்ஷனு ஊட்டுக்குள்ள இருந்துட்டே சத்தம் போடுது. வெளிய வந்து கையில குடுக்க மாட்டேங்குது. ரிட்டர்ன் போடுங்க" என்றாள். போட்டேன், கொடுத்தது. என் மாமியாரின் சுபாவம் என் ஃபங்ஷனுக்கும் வந்துவிட்டதோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் எழுதும் பாடம் வந்தபோது அவளைப் பிடிக்க முடியவில்லை. டெஸ்ட் என்றால், நாம் எழுதிய ஃபங்ஷனைச் சோதிக்க நாமே எழுதும் இன்னொரு சின்னத் துண்டு. இதைக் கொடுத்தால் இதுதான் வரவேண்டும் என்று எழுதி வைப்போம். அப்படியே வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. நாங்கள் எல்லோரும் பச்சைக்குத் தவம் கிடந்தோம். இவள் சிவப்பு வந்தால்தான் குதிப்பாள். பச்சை வந்தால் சந்தேகப்பட்டு, நன்றாக ஓடும் ஃபங்ஷனை வேண்டுமென்றே கெடுத்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சரி செய்வாள். "ஒருதரமாவது வேண்டாங்காத டெஸ்ட்டு, சரின்னு சொன்னா எப்படிங்க நம்பறது?" என்பாள். பைத்தியம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஆனால் எங்கள் புரோகிராம் படுத்துக்கொண்டால், அந்தப் பைத்தியத்தின் பெஞ்சுக்குத்தான் வரிசையில் போய் நின்றோம்.

இந்தச் சோதனைப் புத்தி வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை. தங்கமான பையன். எல்லோருக்கும் நல்ல காப்பி கொடுத்த இல்லீன்னா, மாப்பிள்ளை டம்ளரில் மட்டும் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டாள். அவர் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "காப்பி ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். இவள் உள்ளே போய், "வேண்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து திட்டினோம். அவள் அசரவில்லை. "தப்பான இன்புட்டு குடுத்தனுங்கக்கா. எரரே வரல. சிரிச்சுட்டே முழுங்கிட்டாரு. நாளைக்கு எம்மேல அவருக்குக் கோவம் வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரருக்கு உப்புக் காப்பி கொடுத்துப் பார்த்தேன். டம்ளர் வாசலில் போய் விழுந்தது. நம்பகமான மனுஷன் என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

இல்லீன்னாவின் அப்பாவுக்கு நிம்மதி போய்விட்டது. அதிகம் பேசாதவர், பேசினால் பேசினதுதான். "கோர்ஸு முடியறப்ப வேலை கெடைச்சா நீ சொல்றபடி கேக்கறேன் கண்ணு" என்றார். இவள் பழக்கதோஷத்தில் கேட்டாள், "இல்லீன்னா?" அவர், "இல்லீன்னா அடுத்து வர்ற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டோணும்" என்றார். அவள் கேள்விக்கு ஒருவர் அவ்வளவு நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. வகுப்பில் அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

கோர்ஸின் கடைசி நாள் வந்தது. சேலத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஆள் எடுக்க வந்தார். மலையிலிருந்தபடியே வேலை பார்க்கலாம் என்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு ஃபங்ஷனை அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். இல்லீன்னாவின் அப்பா தோளில் துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இல்லீன்னாவுடையது முகவரி சரிபார்க்கும் ஃபங்ஷன். பெயர், ஊர், நாடு என்று மூன்று கட்டம். தப்பாக நிரப்பினால் திருப்பி அனுப்பிவிடும். வெற்றுக் கட்டம், எழுத்துக்குப் பதில் எண், இந்தியாவை இண்டியா என்று எழுதுவது என்று அவள் யோசிக்காத டெஸ்ட்டே இல்லை. வரிசையாகப் பச்சை விழுந்தது. கம்பெனிக்காரர் முகம் மலர்ந்தது. "யாராவது ஒருத்தர் வந்து நிரப்பிப் பாருங்களேன்" என்றார்.

அவள் அப்பா எழுந்து வந்தார். அவள் தன் போனில் அதைத் திறந்து கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் பழகிய விரல், நிதானமாக அடித்தது. பெயர் அடித்தார். ஊர் அடித்தார். நாடு என்ற கட்டத்தில் "திண்ணனூர் நாடு" என்று அடித்தார்.

கீழ்நாட்டு வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கொல்லிமலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு கூட்டம். நான் குண்டனி நாடு, அவர் திண்ணனூர் நாடு என்றுதான் அங்கே ஒருவரை ஒருவர் அடையாளம் சொல்லிக்கொள்வார்கள். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: "தவறு. இப்படி ஒரு நாடு கிடையாது."

"ஏங்கண்ணு, நம்ம நாடு கெடையாதுங்குது?" என்றார் அப்பா.

கூடத்தில் ஒரே சிரிப்பு. முன்வரிசையிலிருந்து குண்டனி நாட்டுப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து தன் நாட்டை அடித்துப் பார்த்தார். அதுவும் கிடையாது என்றது. அதைப் பார்த்ததும் இவள் அப்பாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது என்று நினைக்கிறேன். ஆனால் முகம் சிவந்துதான் இருந்தது. பொண்ணு எழுதிய மிசின், இத்தனை பேர் முன்னால் அவர் பிறந்த மண்ணையே இல்லை என்கிறது.

கம்பெனிக்காரர் நல்லவர். "பரவால்லம்மா. அப்பாவை இந்தியான்னு அடிக்கச் சொல்லு, முடிஞ்சுது" என்றார். சுவரோரம் நின்ற நானும், சொல்லிடு தாயே, சொல்லிடு என்று வாயசைத்தேன்.

"இல்லீங்க சார்" என்றாள் அவள். "அப்பா சரியாத்தான் அடிச்சாருங்க. நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் அப்பா அடித்ததை அப்படியே ஒரு டெஸ்ட்டாக எழுதினாள். ஓட்டினாள், சிவப்பு. பிறகு நாடு என்ற ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு, மலையில் எந்த நாடு, எந்தத் தேசம் என்று இரண்டாக்கி, ஃபங்ஷனைத் திருத்த ஆரம்பித்தாள். அவளுக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. மேடம் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். கம்பெனிக்காரர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவழியாகப் பச்சை வந்தது. "அப்பா, இப்பப் போடுங்க" என்றாள். அவர் மறுபடி அடித்தார். "சரி" என்று வந்தது. அந்த ஒரு சொல்லை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டைம் ஆயிருச்சும்மா. சொல்லி அனுப்பறோம்" என்று கம்பெனிக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போச்சு என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

வெளியே பஸ் நிற்கும் இடத்தில் அவள் அப்பா தனியாக நின்றிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய், "ஏனுங்கப்பா, இந்த வேலை கெடைக்காட்டியும் அவசரப்பட்டுக் கட்டிக் குடுத்துடாதீங்க. நல்லா வரக்கூடிய புள்ளைங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்தனை பேரு முன்னாடி அப்பனைத் திருத்தச் சொன்னாங்க. அப்பன் சொன்னது சரின்னு போட்டு மிசினைத் திருத்திப்புடுச்சுங்க அந்தப் புள்ள" என்றார். "அதைப் போயி, நானு அவசரமாப் புடிச்சுக் குடுப்பனுங்களா? வேலை வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். அதுவாச் சொல்றப்ப பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் வேலைக்கு அழைப்பு வந்தது, அவளுக்கு மட்டும். எனக்கு வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சேதி கேட்ட அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன்.

இன்னும் திண்ணனூர் நாட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள். நான் பிறந்த வீட்டில் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், கொஞ்ச நாளாக, மலைமேலே ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்றுதான் வாயில் வருகிறது.